யாருடைய பாரிஸ்?

1961 ஆகஸ்டில் நெய்வேலியின் முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்தது. நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த பிறகு நான்கு ஆண்டுகள் மண்ணை வெட்டி அள்ளித்தான் கரியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் யேட்ஸ் என்ற 35 வயது எழுத்தாளரின் முதல் நாவல் ‘ரெவல்யூஷனரி ரோடு’ வெளியானது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்த நாவல் எந்த வாழ்க்கையைப் பார்த்துக் கேள்வி கேட்டதோ, அதே வாழ்க்கைக்கான வீடுகள் அப்போது தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. நிரந்தர வேலை, கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், மருத்துவமனை, மாதம் பிறந்தால் சம்பளம். இவ்வளவும் வாய்த்த பிறகும் மனசு நிறையவில்லை என்று ஒருவர் சொன்னால், அது நன்றிகெட்ட பேச்சா, நியாயமான பேச்சா?

நாவலின் கதை 1955-இல் கனெக்டிகட் மாநிலத்துப் புறநகர் ஒன்றில் நடக்கிறது. பிராங்க் வீலருக்கு முப்பதை எட்டும் வயது. அலுவலக இயந்திரங்கள் விற்கும் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பா உழைத்து ஓய்ந்ததும் அதே கம்பெனியில்தான். மனைவி ஏப்ரல் நாடகம் படித்தவள், நடிகையாகும் ஆசை இருந்தவள். இரண்டு குழந்தைகள். அக்கம்பக்கத்தாரைப் போலத் தாங்கள் சராசரி மனிதர்கள் அல்ல என்று இருவரும் உறுதியாக நம்புகிறார்கள். ஒருநாள் ஏப்ரல் ஒரு யோசனை சொல்கிறாள். வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பாரிஸுக்குப் போய்விடலாம். அங்கே தான் செக்ரட்டரி வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறேன், பிராங்க் தனக்கு என்ன வேண்டும் என்று ஆற அமரத் தேடிக்கொள்ளட்டும் என்கிறாள். அவனும் சரி என்கிறான். அதற்குள் கம்பெனியில் பதவி உயர்வுக்கு வழி திறக்கிறது. ஏப்ரல் மூன்றாவது முறையாகக் கருவுறுகிறாள். பயணம் நின்றுபோகிறது. கருவைக் கலைத்துவிட அவள் நினைக்க, அவன் வாரக்கணக்கில் பேசிப் பேசியே தடுக்கிறான். காலம் கடந்த பிறகு அவள் யாருக்கும் சொல்லாமல் வீட்டிலேயே அதைச் செய்துகொண்டு, ரத்தப்போக்கில் உயிரை விடுகிறாள்.

1950-களின் அமெரிக்கா பாதுகாப்புக்கும் ஒரே மாதிரி வாழ்வதற்கும் காட்டிய பேராசையைத்தான் இந்த நாவலில் சாடியதாக யேட்ஸ் பின்னாளில் விளக்கினார். 2008-இல் சாம் மெண்டிஸ் இயக்கிய படமும் அந்தப் பார்வையையே பரப்பியது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே அச்சில் வார்த்த மனிதர்கள், அதில் மூச்சுமுட்டிச் செத்த ஒரு பெண். இப்படிப் படித்தால் குற்றவாளி புறநகர்தான். நெய்வேலி டவுன்ஷிப்பையும் அந்தக் கூண்டில் ஏற்றிவிடலாம். வட்டம் ஒன்று, வட்டம் இரண்டு என்று எண்ணிட்ட குடியிருப்புகள், பதவிக்கு ஏற்ற வீட்டு வகை, மூன்று ஷிப்டுக்கு ஏற்பச் சமையலும் தூக்கமும் மாறும் வீடுகள், எல்லோருக்கும் ஒரே முதலாளி. அப்பா பார்த்த வேலை பிள்ளைக்குக் கிடைத்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் ஊர் இது. தன் தந்தையின் கம்பெனியிலேயே சேர்ந்ததை பிராங்க் வீலர் ஒரு வேடிக்கையாக நண்பர்களிடம் சொல்லித் திரிந்தான். இங்கே அது வேடிக்கை இல்லை, வரம்.

அந்த வரத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதால் நெய்வேலியில் இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்புக் கரி தென்பட்டது. பிற்பாடு அவர் 600 ஏக்கருக்கு மேல் நிலத்தை அரசுக்குக் கொடுத்தார். அவருக்குப் பின் கொடுத்தவர்கள் பலருக்கு, கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடம் இருக்கவில்லை. ஊர் ஊராக எழுந்துபோனார்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகக் கதிர் பிடித்த நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது சுரங்க நிறுவனம். பயிர் அறுவடையாகும் வரை பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்க எழுந்தது, சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்றும் நிரந்தர வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்து, பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலையையே குறைந்த கூலிக்குச் செய்பவர்கள் அவர்களில் உண்டு.

இப்படிப்பட்டவர் ஒருவரின் எதிரே நின்று, குவார்ட்டர்ஸ் வாழ்க்கை சலித்துவிட்டது என்று சொல்ல நாக்கு கூசும். கூசவும் வேண்டும். ஆனால் அந்தக் கூச்சத்தை அறமாக்கி, ‘இருப்பதைக் கொண்டு வாயை மூடிக்கொண்டு வாழ்’ என்று தீர்ப்பெழுதிவிட்டால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. நிலம் இழந்தவருக்கு அதனால் ஒரு குழி மண்கூடத் திரும்பக் கிடைப்பதில்லை. தன் சலிப்பை விழுங்கிக்கொண்ட குவார்ட்டர்ஸ்வாசி அவருக்கு எந்தக் கடனையும் அடைத்துவிடவில்லை. அவருக்குச் சேர வேண்டியது சரியான இழப்பீடு, வேலை, மாற்றுக் குடியிருப்பு. அந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்பதுதான் கடனைத் தீர்க்கும் வழி. இன்னொரு தவறு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. இந்தப் புத்திமதி எப்போதும் கணவனை நோக்கிச் சொல்லப்படுவதில்லை. பெரும்பாலும் அது மனைவியின் காதில்தான் ஓதப்படுகிறது: ‘அவருக்கென்ன குறை? கம்பெனி உத்தியோகம், குடி கிடையாது, அடி கிடையாது. இதுக்கு மேல உனக்கு என்னம்மா வேணும்?’

குடும்ப வாழ்வில் மனம் ஒட்டாமல் போவது புறநகர் கண்டுபிடித்த நோயும் அல்ல. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வடலூர். வள்ளலார் திருமணமானவர். உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கி மணம் செய்துகொண்டு, இல்லற வாழ்வில் ஈடுபாடு இல்லாமலே இருந்தார். 1867-இல் அவர் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது; பசித்து வருகிறவர் யார் என்று கேளாமல் சோறு போடுகிறது. அவர் இல்லறத்துக்குள் அடங்கியிருந்தால் இந்த மண் எவ்வளவு பெரிய கொடையை இழந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அவரை மணந்த பெண் எப்படி வாழ்ந்தார், என்ன நினைத்தார் என்பதற்கு வரலாற்று நூல்களில் ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை. இதைச் சொல்வது வள்ளலாரைக் குறை காண்பது ஆகாது. அவரைத் திருமணத்துக்குள் தள்ளிய சுற்றத்தார் அந்தப் பெண்ணைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும். விருப்பமில்லாதவருக்குக் ‘கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்று நம்பும் வழக்கம் இன்றும் நம்மிடையே சாகவில்லை. அந்த வைத்தியத்தில் மருந்தாக அரைக்கப்படுவது எப்போதும் இன்னொரு உயிர்.

குடும்பத்தை விட்டுப் போவது சரியா என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் எடுத்துக்காட்டாக ஓவியர் கோகனைச் சொல்வார்கள். பங்குச் சந்தை வேலையை விட்டவர். மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் பிரிந்து 1891-இல் தாஹிதி தீவுக்குக் கப்பலேறினார். 1976-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் கோகனை ஒத்த ஓர் ஓவியரைக் கற்பனையாக முன்வைத்துச் சங்கடமான ஒரு வாதம் செய்தார். அந்த மனிதர் செய்தது சரிதான் என்று அவரே தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால், ஓவியங்கள் வெற்றி பெற வேண்டும். வெற்றியோ புறப்படும் நாளில் யாருக்கும் தெரியாத ஒன்று. வாதம் கூர்மையானது. ஆனாலும் அதில் நடுவில் நிற்பவர் கடைசிவரை ஓவியர்தான். ஓவியம் வெற்றியா தோல்வியா என்பதைக் கொண்டு மனைவிக்கு நேர்ந்தது நியாயமாகிவிடுமா? வீட்டில் விடப்பட்டவளைப் பொறுத்தவரை, அவளிடம் கேட்டார்களா, அவள் பங்கு அவளுக்குக் கிடைத்ததா என்பவைதான் முதல் கேள்விகள். அவற்றுக்கான பதில் எந்த அருங்காட்சியகத்திலும் தொங்குவதில்லை.

இந்தக் கேள்விகளோடு வீலர் வீட்டுக்குத் திரும்பினால் நாவல் வேறு முகம் காட்டுகிறது. ஏப்ரலைக் கொன்றது புறநகர் அல்ல. சலிப்பும் அல்ல. பாரிஸுக்குப் போக பிராங்க் பயப்படுகிறான். அங்கே போய்த் தேடினால் தனக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்பது அவன் அச்சம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; முப்பது வயதில், இரண்டு குழந்தைகளோடு, அந்த அச்சம் வராதவர் யார்? ‘எனக்குப் பயமாக இருக்கிறது, போக வேண்டாம்’ என்று அவன் சொல்லியிருந்தால் இருவரும் சண்டை போட்டிருப்பார்கள், அழுதிருப்பார்கள், ஒருவேளை பிரிந்தும் இருப்பார்கள். அவன் அதைச் சொல்லவில்லை. அவள் வயிற்றில் வளர்ந்த கரு அவனுக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. கருவைக் கலைக்க நினைக்கும் பெண்ணுக்கு மனம் சரியில்லை, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அன்பு ததும்பும் குரலில் சொன்னான். அவள் வேண்டாம் என்றதை நோய் ஆக்கிவிட்டான். தன் பயத்தை அவள் உடம்பின் மேல் ஏற்றிவைத்தான். அந்த நாவலில் நடக்கும் பெரிய குற்றம் இதுதான். அதைச் செய்ய ஒருவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் படிப்பவரை உலுக்குகிறது.

சட்டமும் அவன் பக்கம்தான் நின்றது. கனெக்டிகட்டில் 1879-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணவனும் மனைவியும்கூடக் கருத்தடைச் சாதனம் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது 1965-இல்தான். அதே காலத்து நெய்வேலியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசே வழி சொன்னது. 1952-லேயே இந்தியா அதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. கருக்கலைப்போ அப்போது இங்கும் இந்தியத் தண்டனைச் சட்டப்படி குற்றமாக இருந்தது, தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்தால் தவிர. 1971-இல்தான் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அதன்படி சம்மதம் தர வேண்டியவர் வயதுவந்த அந்தப் பெண் மட்டுமே. கணவனின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. இருந்தும் பல மருத்துவமனைகளில் ‘வீட்டுக்காரர் வந்திருக்காரா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருவைக் கலைப்பது சரியா என்பதில் மனிதர்கள் மனசாட்சியோடு மாறுபடலாம். அவளைக் கேளாமல் அவளுக்காக இன்னொருவர் முடிவெடுப்பதில் அப்படி மாறுபட இடமில்லை.

பாரிஸ் எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பங்களுக்கு அது பல காலம் வளைகுடாவாக இருந்தது. 2023 ஜூன் 21-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்த ஒரு வழக்கு அந்தப் பயணத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. 1965-இல் மணமான தம்பதி. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார், அவர் அனுப்பிய பணத்தைக் கொண்டு சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர், அத்தனையும் தன் உழைப்பு, அவளுக்கு அதில் பங்கில்லை என்று வழக்குப் போட்டார். கணவன் வெளியே எட்டு மணிநேரம் பார்க்கும் வேலைக்கு, வீட்டில் இருபத்துநான்கு மணிநேரமும் மனைவி பார்க்கும் வேலை எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று சொன்னது நீதிமன்றம். அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவரால் சம்பாதிக்கவே முடிந்தது. ஆகவே அந்த உழைப்பில் சேர்ந்த சொத்தில் அவளுக்குச் சரிபாதி உண்டு என்றது.

எட்டு மணிநேரம் என்பதை ஷிப்டில் வாழும் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒரு ஷிப்டை முடித்துக் கொடுப்பவர் வீட்டுக்குக் கிளம்பலாம், அடுத்தவர் வந்து நிற்பார். அந்த வீட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கக் குழந்தையை அடக்கிவைத்து, காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு நாலரைக்கே அடுப்பு மூட்டும் பெண்ணை விடுவிக்க யார் வருகிறார்கள்? 2024-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்கள். ஆண்களில் அந்த வேலையைத் தொடுகிறவர்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இன்னொரு கணக்கைச் சொல்லக் கை நடுங்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனிக் காரணம் இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் ‘உனக்கு என்ன குறை?’ என்ற கேள்வியைப் பதில் எதிர்பார்க்காமல் கேட்டுப் பழகிய ஒரு சமூகம் இந்த எண்ணுக்கு முன் சற்று நேரமாவது பேசாமல் நிற்க வேண்டும்.

வீலர் தம்பதியை முழுக்கப் பலியாடுகளாகக் காட்டவும் யேட்ஸ் இடம் கொடுக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே நாவல் அறுபது ஆண்டுகள் தாண்டியும் படிக்கப்படுகிறது. இருவரும் அண்டை வீட்டுக்காரரை மட்டமாக நினைத்தவர்கள். பக்கத்து வீட்டு ஷெப்பும் மில்லியும் அவர்கள் கண்ணுக்குப் பாவப்பட்ட சராசரிகள். நெய்வேலியில் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போன பிள்ளைகளில் சிலருக்கும் இந்தப் பார்வை ஒட்டிக்கொள்கிறது. அப்பா முப்பத்தைந்து வருஷம் ஒரே இடத்தில் ஷிப்ட் பார்த்தாராம், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், வருஷம் ஒருமுறை புத்தகக் கண்காட்சி, அவ்வளவுதான் வாழ்க்கையாம் என்று சொல்வார்கள். வெறுமை உணர்வு உண்மையாக இருக்கலாம். அடுத்தவர் வாழ்க்கையை வெறுமை என்று அளந்து சொல்லும் உரிமை அதனால் வந்துவிடாது. அந்த அப்பாவுக்கு அந்த ஷிப்ட், தன் தகப்பன் பார்த்த கூலி வேலையிலிருந்து குடும்பத்தைக் கரையேற்றிய தோணி. அதில் அவர் நிறைவு கண்டிருந்தால் அது ஏமாளித்தனம் இல்லை. அம்மாவும் அதே நிறைவைக் கண்டாரா என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

நாவலில் வீலர்களின் உண்மையை முகத்துக்கு நேராகச் சொல்பவன் ஒருவன் மட்டுமே: மனநல மருத்துவமனையிலிருந்து அவ்வப்போது வெளியே அழைத்துவரப்படும் ஜான் என்ற முன்னாள் கணித அறிஞன். தெருவே அவனைப் பைத்தியம் என்கிறது. சொன்ன பேச்சைவிடச் சொன்னவனின் தகுதியைப் பார்க்கும் வழக்கத்தால் அந்த வீடு ஒரு கடைசி வாய்ப்பைத் தவறவிடுகிறது. வீடுகளில் உண்மையைச் சொல்பவர் பெரும்பாலும் பேச அனுமதி இல்லாத ஆள்தான்: கல்யாணமாகாத அத்தை, தோற்றுப்போன தம்பி, வயசுக்கு வந்த மகள்.

இல்லறத்தில் ஒருவருக்கு மனம் வெறுத்துப்போனால் அவர் என்ன செய்யலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விதி கிடையாது. வள்ளுவர் இல்லறத்துக்கு 20 அதிகாரமும் துறவறத்துக்கு 13 அதிகாரமும் வகுத்தார். இரண்டையும் அறத்துப்பாலுக்குள்ளேயே வைத்தார். போவதும் அறமாகலாம், இருப்பதும் அறமாகலாம். எதுவானாலும் தன் அச்சத்தையும் ஆசையையும் முதலில் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்காக, குடும்ப கௌரவத்துக்காக, உன் நல்லதுக்காக என்றெல்லாம் அதற்கு வேறு சட்டை மாட்டக் கூடாது. பிறகு, அந்த முடிவின் செலவை யார் சுமப்பது என்று, சுமக்கப்போகிறவரையும் உட்காரவைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பிராங்க் இந்த இரண்டையும் செய்யவில்லை. ஏப்ரலும் முழுக்கச் செய்தாள் என்று சொல்ல முடியாது. பாரிஸ் யோசனையில் பிராங்க் யாராக மாற வேண்டும் என்பதை அவளே தீர்மானித்துவிட்டாள். ஆனால் கடைசியில் உயிரைக் கொடுத்தவள் அவள். பிள்ளைகள் வேறு வீட்டில் வளர்கிறார்கள், பிராங்க் வேலைக்குப் போய் வருகிறான்.

நெய்வேலியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டிய ஒரு நாள் வருகிறது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அடுத்து எங்கே? வடலூரில் வாங்கிப்போட்ட மனையா, கணவரின் பூர்வீக ஊரா, சென்னையில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டா, வெளிநாட்டில் மகளின் பேறுகாலத்துக்கு ஆறு மாதமா? சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் இந்த முடிவை அவர் ஒருவரே எடுத்து, ‘பார்த்துட்டேன், நல்ல இடம்’ என்று வீட்டில் அறிவிக்கும் வழக்கம்தான் அதிகம். முப்பது வருஷம் அந்த வட்டத்தில் கோலம் போட்டு, அக்கம்பக்கம் சேர்த்து, கோயிலும் கடையும் பழகிய அம்மாவிடம் எந்த ஊரில் இருக்க ஆசை என்று யாராவது கேட்டதுண்டா? பத்து லட்சம் ரூபாய் மதிப்புக்குள் உள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல் சலுகை கொடுத்திருக்கிறது. சலுகைக்காகப் பத்திரத்தில் அம்மா பெயரைப் போடும் வீடுகள் இனி கூடும். மனை பார்க்கப் போகும்போதே அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பிடித்திருக்கிறதா என்று கேட்டு, பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் திரும்பி வந்துவிடும் வீடுகள் எத்தனை என்பதைப் பதிவு அலுவலகம் கணக்கெடுக்காது. பிள்ளைகள் கணக்கெடுக்கலாம், அந்தப் பேச்சு நடக்கும் இரவில் அவர்களும் அந்த வீட்டில்தான் இருப்பார்கள்.